ஆண்டவரோடு சண்டை பிடிக்கிற பெரியம்மா

"கடவுள் ஒருநாளும் கைவிடமாட்டார்" என்று வன்னியில் சொல்வதென்றால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேணும். 2009இல் கடைசிச் சண்டையில் தன் பங்கருக்குப் பக்கத்தில் விழுந்த ஷெல் வெடிக்காமல் கிடந்தது, அது ஆண்டவரின் இரக்கம் என்று சாட்சி சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பங்கரில் இருந்த பிள்ளையை அங்கேயே புதைத்துவிட்டு வந்த தாயும் அதே கோயிலில், அதே வாங்கில் இருந்து அதைக் கேட்கிறார்.

மன்னார்ப் பக்கம் இருக்கிற மடு மாதா கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதாவிடம் போனால் தப்பலாம் என்று சனம் ஓடிப்போய்த் தஞ்சமிருந்த இடம் அது. 1999 நவம்பர் 20ஆம் தேதி இரவு அங்கேயே ஷெல் விழுந்து 40 பேரளவில் செத்துப்போனார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மாதாவின் சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது, ஓகஸ்டில்தான் திரும்பியது. கும்பிட்டவனுக்கு ஒரு தீங்கும் வராது என்பதுதான் விசுவாசம் என்றால், அந்த விசுவாசம் எங்கட ஊரில் எப்பவோ முடிந்திருக்க வேணும். முடியவில்லை, ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் சனம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஏன் என்று எனக்கு விளங்க வைத்தது எந்தப் பிரசங்கமும் இல்லை, என் பெரியம்மாதான்.

அவருடைய மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் பஸ்ஸில் ஏறினதைக் கண்டதுதான் கடைசி. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 தொடங்கிய போராட்டத்தில், கையில் செபமாலையோடு பெரியம்மாவும் போய் இருந்தார். வீட்டில் செபிக்கும்போது அவர் கெஞ்சுவதை விட ஏசுவதுதான் கூட. ஒருநாள் வியாகுல மாதா படத்துக்கு முன்னால் நின்று, "உம்மட தாய்க்குப் பிள்ளையின்ர உடம்பாவது மடியில கிடைச்சது, எனக்கு அதுவும் தரேல்லையே ஆண்டவரே" என்று கேட்டார். கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்டுக்குக் குழை போடப் போய்விட்டார்.

அப்படிப் பேசக்கூடாது, எல்லாம் அவருடைய சித்தம் என்று அவருக்குப் புத்தி சொல்ல வந்தவர்களும் உண்டு. எனக்குப் பத்திக்கொண்டு வரும். யேசு சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கத்தினது 22ஆம் திருப்பாடலின் முதல் வரி, அதை யாரும் அவிசுவாசம் என்று சொல்வதில்லையே. வயல் விளையாவிட்டாலும் தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் ஆண்டவரில் மகிழ்வேன் என்ற, பைபிளில் வரும் இறைவாக்கினர் அபக்கூக்கின் நூல் முடிவைக் கலண்டரில் அச்சடிக்கிறோம். அதே மனுசன் முதல் அதிகாரத்தில், எத்தனை காலம் கூப்பிடுவது, நீர் கேட்கவே மாட்டீரா என்று சண்டைக்கு நிற்பதை மட்டும் ஒருவரும் அச்சடிப்பதில்லை!

இங்கே நகையை அடகு வைத்து, மழையை நம்பிக் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்புச் செய்தவன், மழை பிந்தினால் வானத்தைப் பார்த்து ஏசாமல் என்ன செய்வான்? ஏசுகிறான் என்பதற்காக அவன் விதைநெல்லைத் திரும்பப் பொறுக்கிக்கொண்டு போவதில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பயிர் அழிந்து நின்றவர்கள் அடுத்த காலபோகத்துக்கும் (மாரி நெற்செய்கைக்கும்) வயலில் இறங்கினார்கள். பெரியம்மா ஏசுவதும் அப்படித்தான். கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நம்பாதவர் யாரைப் பார்த்து ஏசுவார்?

பங்கில் அயல் வீட்டுச் சனம் கூடிச் செபிக்கிற அடுத்த அன்பியக் கூட்டத்தில் 88ஆம் திருப்பாடலை வாசிப்போம் என்று சொல்லியிருக்கிறேன். புலம்பல் பாடல்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியோ புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது, இருளிலேயே முடிகிறது. லோனும் வருத்தமுமாக வாற சனத்துக்கு ஏன் இதை என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். பெரியம்மாவுக்குக் கண் மங்கல், எழுத்தைப் பெரிசாக்கிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.