காசர்கோட்டில் தெளித்த மருந்து

எண்டோசல்ஃபான் 1950களில் சந்தைக்கு வந்த பூச்சிமருந்து. பூச்சியின் நரம்பைத் தாக்கும், விலையும் குறைவு, அதனால் பருத்தி, தேயிலை, காய்கறி என்று எல்லாவற்றுக்கும் அடித்தார்கள். சரி, காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களுக்கு ஏன்? தேயிலைக் கொசு என்ற பூச்சி இளந்தளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சினால் அவை கருகிவிடும், காய் பிடிக்காது. அதற்காகக் கேரள அரசின் தோட்டக் கழகம் காசர்கோட்டில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் இதைத் தெளித்தது.

அங்கே தோட்டம் குன்றின் மேல். வீடும் கிணறும் ஓடையும் கீழே, குடிதண்ணீருக்காக மலையைக் குடைந்த சுரங்கங்கள் வேறு. மேலே விழுந்த மருந்து மழையோடு எங்கே போயிருக்கும் என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாமே! வலிப்பு, மூளை வளர்ச்சிக் குறைபாடு, பிறவி ஊனம் என்று ஊர் ஊராகக் குழந்தைகள் அவதிப்பட்டபோதும், மருந்துதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெளிப்பதற்கு முன்னால் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அப்புறம் 2017இல், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்கும்படி கேரள அரசிடம் சொன்னது. அதற்குப் பிறகும், 2019இல், தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் போராட வேண்டியிருந்தது. இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.