கோணமாமலையில் கோயில் இல்லாத காலம்

இலங்கையின் திருகோணமலையில், கோட்டைக்குள் கோணமாமலையின் மேல் இருக்கும் சிவன் கோயிலான திருக்கோணேச்சரத்துக்கு வருகிறவர்களில் பலர் கோட்டை வாசலைக் கடக்கும்போது வாகனத்தின் கண்ணாடியைக்கூட இறக்குவதில்லை. இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு எங்கே இருக்கிறது, பூசை எத்தனை மணிக்கு என்பதிலேயே மனம் நின்றுவிடுகிறது. இந்தத் தலத்தின் கதை அந்த வாசலிலேயே எழுதப்பட்டிருப்பதால், வெளியூரிலிருந்து உறவினர் எவர் வந்தாலும் அவர்களை அங்கே இறக்கி, நடத்தியே மலைக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம்.

வாசல் கல்லில் இரண்டு கயல்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதே இடத்தில், ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கும் ஒரு பாடலின் பகுதி தேய்ந்த தமிழ் எழுத்துகளில் தெரிகிறது. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி (போர்த்துக்கேயர்) பிரிப்பான் என்று சொல்லும் பாடல் அது. கயல் பாண்டியரின் சின்னம்; 13ஆம் நூற்றாண்டில் ஈழத்தை வென்ற வீரபாண்டியன் கோணமலையில் இணைக்கயல் பொறித்த செய்தியைத் தமிழ்நாட்டுக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் மாமி கிட்டப்போய் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது கோயில் கல்லல்லோ, இதையேன் கோட்டை வாசலிலை வச்சிருக்கினம்?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

1622ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இக்கோயிலை இடித்தார். இடித்த கல்லைக்கொண்டே கோட்டை எழுப்பப்பட்டது. மிஞ்சியவற்றில் பல கடலுக்குள் போயின. மலையின் உச்சியிலும் நடுவிலும் அடியிலுமாக மூன்று கோயில்கள் இங்கே இருந்தன என்பதையும், கீழைத்தேசத்துக் கிறிஸ்தவரல்லாதோருக்கு இது உரோமாபுரி போன்றது என்பதையும் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் தம் நூலில் எழுதியிருக்கிறார். 1803இல் ஆங்கிலேயர் வைத்த பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. உள்ளே இப்போதும் இராணுவ முகாம் உண்டு. ஆலமர நிழலில் மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும் அந்தப் பாதையில் ஏறும்போது, காலுக்குக் கீழேயும் பக்கச் சுவரிலும் இருப்பது எந்தக் கல் என்று அறிந்து நடப்பதும் அறியாமல் நடப்பதும் ஒன்றல்ல.

மலையேறியதும் நான் முதலில் உறவினரைச் சன்னிதிக்கு அழைத்துச் செல்வதில்லை. மலை விளிம்புக்கே அழைத்துப்போகிறேன். கோயில் இடிந்த 1622க்கும், இன்றைய கோயில் குடமுழுக்குக் கண்ட 1963க்கும் இடையே 341 ஆண்டுகள். அத்தனை காலமும் இங்கே வழிபாடு அற்றுப்போகவில்லை என்பதே இத்தலத்தின் ஆகப்பெரிய செய்தி என்று நான் நினைக்கிறேன். கட்டடம் இல்லை, விக்கிரகம் இல்லை, கோட்டை அந்நியர் கையில் இருந்தது. ஆனாலும் பாறையின் நுனியில் நின்று தேங்காயும் பழமும் பூவும் கடலுக்குப் படைத்துத் தீபம் காட்டிய அந்தணரைப் பற்றி ஆங்கிலேயர் காலத்தில் இங்கே வந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மலையே இலிங்கமாக, கடலே ஆவுடையாராக நின்ற பூசை அது. விளிம்பை ஒட்டிய மரத்தில் பிள்ளை வரம் வேண்டுவோர் கட்டிய சிறு மரத்தொட்டில்கள் காற்றில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும். கட்டிய நூல் வெயிலில் வெளிறிப்போனவையும் நேற்றுக் கட்டிய மஞ்சள் மாறாதவையும் ஒரே கிளையில் இருக்கும். அந்த விளிம்பில் நிற்கும்போது, குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை என்று 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய வரி அலங்காரமாகத் தோன்றுவதில்லை. கீழே பாறையில் அடிக்கும் அலையின் ஓசை அவ்வளவு உயரத்திலும் கேட்கிறது.

அதன் பிறகே கோயில். 1950இல் நகரத்தில் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள் புதைத்து வைக்கப்பட்டிருந்த சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், பிள்ளையார் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. இடிப்பு நடந்த காலத்தில் எவரோ உயிரைப் பணயம் வைத்து அவற்றைக் காத்திருக்க வேண்டும். அவர்களின் பெயர் எங்கும் இல்லை. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடி, கடலுக்குள் கிடந்த கோயில் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். நகரத்து மக்கள் கூடித் திருப்பணி செய்து, கோணேசரையும் அம்மன் மாதுமையாளையும் மீண்டும் எழுந்தருளச் செய்தார்கள். பழைய கோயிலோடு ஒப்பிட்டால் இது சிறியதே. ஆனால் சிவராத்திரியை ஒட்டிச் சுவாமி மலையிறங்கி நகர்வலம் வரும்போது, வீடுதோறும் வாசலில் கோலமிட்டு நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்துத் திருகோணமலை நகரமே வீதியில் நின்று காத்திருப்பதைப் பார்த்தவர்களுக்குச் சிறியது என்ற எண்ணம் வராது.

யாத்திரையாக வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. கோணேச்சரத்தோடும் கன்னியாய் வெந்நீர்க் கிணறுகளோடும் திரும்பிவிடாமல், தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலுக்கும் போய் வாருங்கள். மலைக்கோயில் இடிந்தபோது காப்பாற்றிக் கொண்டுபோன திருவுருவங்களை வைத்தே அங்கே கோயில் எழுந்தது என்பது மரபு. வயல்களுக்கு நடுவே அமைந்த அந்தக் கோயிலில் பெரும்பாலும் கூட்டம் இருப்பதில்லை. அந்த வயல்களுக்குப் பாயும் நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. கோணேசர் கோயிலுக்கு நெல் விளைவிக்கவே குளக்கோட்டன் அந்தக் குளத்தைக் கட்டினான் என்று இந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். காலையில் மலையில் பூசை கண்டுவிட்டுப் புறப்பட்டால், உச்சிப் பூசைக்கு அங்கே போய்ச் சேரலாம்.