ஆல்டர் பக்கத்துல வேட்பாளருக்கு என்ன வேலை?

எலெக்‌ஷன் வந்தா நம்ம சென்னை சர்ச்சுங்க பலதுல நடக்குறதுதான். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடியுற நேரம் பாத்து வேட்பாளர் ஆளுங்களோட வருவாரு, கமிட்டிக்காரங்க ஓடிப்போய் சால்வை போடுவாங்க, ஆயர் அவரு தலைல கை வெச்சு ஜெபம் பண்ணுவாரு, அப்புறம் மைக்கும் அவரு கைக்குப் போயிடும். எந்தக் கட்சியா இருந்தாலும் இதே மரியாதைதான். எனக்கு இது பொறுக்கவே மாட்டேங்குது. ஆளுறவங்களுக்காக ஜெபம் பண்ணச் சொல்லி வேதத்துலயே இருக்கு, அது சரி. ஆனா மைக் குடுக்கும்போது சபை மனசுல ஒரு கணக்கு ஓடுது, ஸ்கூலுக்கு அப்ரூவல், கல்லறைக்கு இடம், பட்டா. அதெல்லாம் வாங்கினப்புறம் அவரு கூவம் ஓரத்துக் குடிசைங்கள இடிச்சா எந்த வாயால கேப்பீங்க?

இது பழைய வியாதி. 313ல ரோம ராஜா கான்ஸ்டன்டைன் காலத்துல சபைக்கு அடி உதை நின்னுச்சு, 380ல தியோடோசியஸ் ராஜா கிறிஸ்தவத்தையே அரசாங்க மதம் ஆக்கிட்டாரு. அந்த ராஜா தெசலோனிக்கேல ஆயிரக்கணக்கான ஜனங்கள கொல்ல வெச்சப்போ, மிலான் பிஷப் அம்புரோஸ் நீ மனந்திரும்புற வரைக்கும் உனக்கு நற்கருணை இல்லன்னு சொல்லி அவர பொதுவுல அழ வெச்சாரு. இத பிரசங்கத்துல கேட்டிருப்பீங்க. யாரும் சொல்லாதது ஒண்ணு இருக்கு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 388ல, கல்லினிக்கம்ங்கற ஊர்ல கிறிஸ்தவங்க ஒரு யூத ஜெப ஆலயத்த கொளுத்திட்டாங்க, அந்த ஊர் பிஷப்பே அத திருப்பிக் கட்டித் தரணும்னு ராஜா நியாயமா உத்தரவு போட்டாரு, அத ரத்து பண்ண வெச்சதும் இதே அம்புரோஸ்தான். ராஜா காதுக்கிட்ட இடம் கிடைச்சா ஒரு பரிசுத்தவானே தன் ஆளுங்க தப்ப மூடப் பாக்குறாரு, அப்ப நாம எம்மாத்திரம் சொல்லுங்க.

நம்ம மண்ணுலயே மிஷனரி சீகன்பால்கு ஐயா இருக்காரு. 1706ல டென்மார்க் ராஜா அனுப்பித்தான், அப்ப டென்மார்க்காரங்க கைல இருந்த தரங்கம்பாடிக்கு வந்தாரு. வந்தவரு அங்க ஒரு தமிழ் விதவையோட கடன் வழக்குல அந்தம்மா பக்கம் நின்னாரு, அந்த ராஜாவோட கவர்னரே 1708ல அவர பிடிச்சு நாலு மாசம் ஜெயில்ல போட்டாரு. ராஜா தயவுல வந்தவருக்கு அந்த விதவையோட வழக்கு பெருசா பட்டுச்சே, அதுக்காகவே அவர் மேல எனக்கு அவ்ளோ மரியாதை.

அப்ப சபை அரசியலே பேசக்கூடாதான்னு ஒருத்தர் கேட்டாரு. பேசணும்ங்க, பேசியே ஆகணும். 1950 ஜனாதிபதி உத்தரவால தலித் கிறிஸ்தவங்களுக்கு எஸ்சி அந்தஸ்து இல்லாம போச்சு, 1956ல சீக்கியர்களுக்கு குடுத்தாங்க, 1990ல பௌத்தர்களுக்கு குடுத்தாங்க, நம்ம ஜனங்க இன்னும் வெளியதான் நிக்கிறாங்க. அது தயவு கேக்குறது இல்ல, நியாயம் கேக்குறது. அத கேக்குறதுக்கு முன்னாடி நம்ம கல்லறைங்கள்ல நிக்குற சாதிச் சுவர நாமளே இடிக்கணும், இல்லன்னா கவர்மென்ட்டுகிட்ட எந்த முகத்தோட போறது?

அதனால எங்க கமிட்டிக்கு லெட்டர் எழுதியிருக்கேன். வேட்பாளர் வரட்டும், எல்லாரையும் போல பெஞ்சுல உக்காந்து பிரசங்கம் கேக்கட்டும். ஆராதனை முடிஞ்சு காம்பவுண்ட்ல சேர் போட்டு மைக்க சபை ஜனங்க கைல குடுப்போம், அவங்க கேக்கட்டும், அவரு பதில் சொல்லட்டும்.