தவிட்டோடு போகிற இரும்பு

ஜூலை 9

அரிசியில் இரும்புச்சத்தைக் கூட்டுவதற்காக நாங்கள் வளர்க்கும் நெல்லில், நீர் தேக்காத பாத்திக்குச் சோகை பிடித்திருக்கிறது. குருத்திலை வெளுத்துப்போய், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகின்றன. கீழ் இலைகளோ நல்ல பச்சை. தழைச்சத்துக் குறை என்றால் கீழிலையில்தான் ஆரம்பிக்கும். இது இரும்புக் குறை. பழைய இலையில் இருக்கும் இரும்பைச் செடி புது இலைக்கு எளிதில் நகர்த்தாது, அதனால் குருத்துதான் முதலில் அடிபடும்.

சேறு கலக்காமல் புழுதியில் நேரடியாக விதைத்த நெல் இது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் பல வருடங்களாக வளர்த்தெடுத்து வரும் முறை. தண்ணீர் நிறைய மிச்சமாகும் என்பதால் இந்த ஊருக்கு இது தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் செம்மண்ணில் நின்றுகொண்டே செடி இரும்புக்கு ஏங்குகிறது. மண்ணைச் சிவக்க வைப்பதே இரும்பு ஆக்சைடுதான். காற்றோட்டமுள்ள மண்ணில் அது இறுகிக் கிடக்கும், கரையாது. போர்வெல் தண்ணீரின் காரத்தன்மையும் சேர்ந்துகொண்டது. ஒரு சதவீத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலைச் சாயங்காலம் தெளிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 10

மன்னார்குடியிலிருந்து அப்பா கூப்பிட்டார். சோகையைப் பற்றிச் சொன்னேன். "ஏம்மா, இரும்புக்கெல்லாமா மருந்தடிப்பாங்க? நம்ம வயல்ல பயிரைப் பிடுங்கினா வேரெல்லாம் துருப்பிடிச்ச கம்பி மாதிரில்ல இருக்கும்!"

அவர் சொல்வது அத்தனையும் சரி. தண்ணீர் கட்டிய வயலில் ஆக்சிஜன் தீர்ந்ததும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. அங்கே பற்றாக்குறையைவிட மிகுதிதான் ஆபத்து. நெல் தண்டு வழியாகக் காற்றை வேருக்கு அனுப்புகிறது. வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் பட்டு இரும்பு அங்கேயே துருவாகப் படிந்து நின்றுவிடும். அப்பா பார்த்த சிவப்பு அதுதான்.

நெல்லிடம் எனக்குப் பிடித்தது, அது இரண்டு வழியும் தெரிந்து வைத்திருப்பது. சேற்றில் கரைந்திருக்கும் இரும்பை நேரடியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கிடைக்காத இடத்தில் டிஆக்ஸிமுஜினிக் அமிலம் என்ற பொருளை வேரிலிருந்து மண்ணில் விட்டு, இறுகிய இரும்பைப் பற்றிக் கரைத்து, அப்படியே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பார்லியும் இப்படிச் செய்யும், நெல்லைவிட மிக அதிகமாகச் சுரக்கும். அதனால்தான் சுண்ணாம்பு மண்ணில் பார்லி தாங்குகிறது, நெல் வெளுக்கிறது.

ஆகஸ்ட் 2

குருத்து பச்சை பிடித்துவிட்டது.

செப்டம்பர் 21

கண்ணாடி இலை விரிந்து, கதிர் பால் பிடிக்கிறது. இனி நடப்பதுதான் என் வேலைக்கு முக்கியம்.

இலையில் இருக்கும் இரும்பில் மிகச் சிறு பங்கே நெல்மணிக்குப் போகிறது. செடியைக் குறை சொல்ல முடியாது. கட்டின்றித் திரியும் இரும்பு செல்லையே அரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் காவல்: வழியில் நிகோஷியானமைன் என்ற மூலக்கூறு பிடித்துக்கொண்டு போகும், மிச்சத்தை ஃபெரிட்டின் புரதம் தனக்குள் பூட்டும், இன்னும் மிஞ்சியதைச் செல்லின் நுண்குமிழியில் அடைத்துவிடும். போதும் என்றானதும் உறிஞ்சும் மரபணுக்களை அடக்கிவைக்கத் தனிப் புரதங்களே இருக்கின்றன.

அதனால் உரத்தைக் கூட்டினால் அரிசியில் இரும்பு கூடும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. காவலைத் தளர்த்தாமல் மணி நிறையாது. 1999-இல் ஜப்பானியர்கள் சோயாவின் ஃபெரிட்டின் மரபணுவை நெல்லில் வைத்து, மணியில் இரும்பை மூன்று மடங்கு வரை கூட்டினார்கள். பின்னால் நிகோஷியானமைனையும் சேர்த்தபோது, 2016-இல் வெளியான வயல் ஆய்வில் ஐஆர் 64 ரகத்தில் பட்டை தீட்டிய அரிசியிலேயே கிராமுக்கு 15 மைக்ரோகிராம் வந்தது. சாதாரண வெள்ளை அரிசியில் அதில் பாதிகூட இருக்காது. வழக்கமான கலப்பு முறையில் இந்த எல்லையை இதுவரை யாரும் எட்டவில்லை. துத்தநாகம் அப்படியில்லை, அது மணியின் உள்வரைக்கும் போகும். ‘டிஆர்ஆர் தன் 45’ (DRR Dhan 45) போன்ற துத்தநாக ரகங்கள் முதலில் வயலுக்கு வந்ததற்கு அதுவே காரணம்.

நவம்பர் 6

அறுவடை மணிகள் காய்ந்து வந்தன. உமி நீக்கியதை பிளேடால் நீளவாக்கில் பிளந்து, பெர்ல்ஸ் சாயத்தில் ஊறவைத்தேன். இரும்பு இருக்கும் இடம் நீலமாகும். லென்ஸில் பார்த்தால் முளைப்பகுதி கருநீலம், ஓரத்தில் நூலளவு நீல விளிம்பு. நடுவில், நாம் சாப்பிடும் பகுதி முழுக்க, வெள்ளை. பக்கத்துத் தட்டில் அதே வரிசையின் (ரகமாகும் முன் சோதனையில் இருக்கும் நெல் வகையின்) பட்டை தீட்டிய அரிசி. நீலமே இல்லை.

மாதிரியைக் கையாளுவதில் நான் கறாராக இருக்கிறேன். எஃகு உருளை படாமல் உமி நீக்க வேண்டும். அளந்த எண்களில் அலுமினியம் தூக்கலாகத் தெரிந்தால் வயல் மண் ஒட்டியிருக்கிறது என்று பொருள், அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடுவேன். கிராமுக்கு 3 மைக்ரோகிராமைத் தேடும்போது ஒரு துளி புழுதி போதும், சுமாரான வரிசை அதிசய ரகமாகிவிடும்.

நவம்பர் 9

அல்சூரில் மாடிவீட்டு அக்கா வந்திருந்தார். மகளுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "செவப்பரிசி வாங்கிட்டேன்மா, நெறமே சொல்லுதே இரும்புன்னு."

அந்த நிறம் இரும்பு இல்லை அக்கா, மேல்தோலில் இருக்கும் துவர்ப்புப் பொருள் என்றேன். அது இரும்பை உடம்பு ஏற்பதைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலமும் அப்படித்தான். தவிடு நீக்காத அரிசி நல்லதுதான், தாராளமாகச் சமையுங்கள். ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது, சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும், சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். ராகியை விடாதீர்கள் என்றும் சொன்னேன். நூறு கிராமில் நாலரை மில்லிகிராமுக்கு மேல் இரும்பு அதில் உண்டு. வெள்ளை அரிசியில் முக்கால்கூட இல்லை.

அவர் போன பிறகு கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 300 கிராம் வெள்ளை அரிசி என்றால் சுமார் 2 மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் தேவை 29. கிராமுக்கு 15 மைக்ரோகிராம் இரும்புள்ள அரிசி வந்தால் அந்த 2, நாலரை ஆகும். அது மட்டுமே போதாது. ஆனால் மூன்று வேளையும் சோறு சாப்பிடும் வீட்டில், யாரும் எதையும் புதிதாக வாங்காமல், தினமும் கிடைக்கும் நாலரை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதை மனதில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் சின்ன வேலை என்று என்னால் சொல்ல முடியாது.

நவம்பர் 12

தேர்வுப் பட்டியலைத் திருத்திவிட்டேன். இனி உமி நீக்கிய மணியின் எண்ணைக் கொண்டு எந்த வரிசையையும் முன்னே எடுக்க மாட்டேன். மணியின் எடையில் பத்து சதவீதத்தைத் தவிடாக நீக்கிய பிறகு மிஞ்சும் இரும்பு, அதன்பின் விளைச்சல், இந்த முன்னுரிமையில்தான். கோடை விதைப்புக்கு நான்கு வரிசைகள் தேறின. நீர் தேக்கிய பாத்தி, தேக்காத பாத்தி இரண்டிலும் விதைக்கிறோம்.