கடைவாயில் 6 மில்லிமீட்டர்

பல் தேய்த்துத் துப்பும்போது நுரையோடு ரத்தம் கலந்து வருவது எனக்கு இரண்டு வருடமாக இருந்தது. வலி கிடையாது. பிரஷ் குத்துகிறது போல என்று மென்மையான பிரஷ் வாங்கினேன். அப்புறம் ரத்தம் வரும் இடத்தை மட்டும் தொடாமல் விட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். அங்கே கிருமிப் படலம் தங்குவதால்தான் ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டால் வீக்கம் கூடத்தான் செய்யும்.

கீழ்வரிசை முன்பற்களில் ஈறு இறங்கி, பல் நீண்டுவிட்டது போலக் கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் பல் மருத்துவரிடம் போனேன். மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, பல்லுக்கு 6 இடமாக அளந்தார். "3, 2, 3... 5, 4, 6" என்று அவர் சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டே வந்தார். 3 வரை பயமில்லை. அதைத் தாண்டினால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை மாதிரி ஆகியிருக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு எண்ணையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அந்த 6 கடைவாயில்.

எக்ஸ்ரேயில் அதே இடத்தில் எலும்பு இறங்கியிருந்தது. "ஈறு வீக்கத்தோட இருந்தப்பவே வந்திருந்தா முழுசா சரியாகியிருக்கும். இறங்கின எலும்பு தானா ஏறி வராது. ஆனா இதோட நிறுத்தலாம்" என்றார். சர்க்கரை பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கஷ்டமாம். பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை இல்லை. "சிகரெட் உண்டா?" என்றும் கேட்டார். இல்லை என்றேன். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்த ஓட்டம் குறைவதால் நோய் முற்றினாலும் அவ்வளவாக ரத்தம் வராது என்றார். எனக்கு உடனே அண்ணன் ஞாபகம் வந்தது. "எனக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை" என்று அவன் பெருமையாகச் சொல்வான்.

சுத்தம் செய்ய இரண்டு நாள், நாளுக்கு ஒரு பக்கம். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரில் ஒட்டியிருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். வலி இல்லை, கரகரவென்ற அதிர்வு மட்டும் தாடை முழுக்க ஓடியது. வெளியே வந்த துணுக்கு ஒன்றைக் காட்டினார். கரும்பழுப்பாக, மணல் பருக்கை மாதிரி இருந்தது. கிருமிப் படலம் இப்படி இறுகிவிட்டால் எந்த பிரஷாலும் எடுக்க முடியாது.

மறுநாள் நாக்கால் தடவினால் பல்லுக்குப் பல் இடைவெளி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. 'சுத்தம் செய்தால் பல் ஆடும்' என்று அம்மா சொன்னது நிஜமோ என்று பயந்துபோய் மருத்துவரைக் கூப்பிட்டேன். அந்த இடத்தை இதுவரை காரை அடைத்திருந்தது, வீக்கம் வடிந்ததும் இடைவெளி தெரிகிறது என்று விளக்கினார். கூச்சம் சில வாரங்களில் குறைந்தது.

நிஜமான வேலை வீட்டில்தான். பிரஷை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து, அழுத்தாமல், குட்டி குட்டியாக அசைக்கக் கற்றுக்கொண்டேன். அதைவிட முக்கியம் பல் இடுக்கு. எப்படித் தேய்த்தாலும் சாதாரண பிரஷ் அங்கே எட்டாது. தினமும் ராத்திரி சின்ன இடுக்கு பிரஷை ஒவ்வொரு இடைவெளியிலும் விட்டு எடுக்கிறேன். முதல் நாள் அதை முகர்ந்து பார்த்தபோது அடித்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. அத்தனை நாளும் அது என் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. முதல் வாரம் ரத்தம் வந்தது, விடாமல் செய்தேன். இரண்டாவது வாரத்தில் நுரை வெள்ளையாக வந்த காலையில் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்ப அளந்தபோது அந்த 6 இப்போது 4. மற்ற இடங்கள் பெரும்பாலும் 3க்குள் வந்துவிட்டன. 3 மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அவனுக்கும் சேர்த்து நேரம் வாங்கியாயிற்று.