மழையும் பந்தும்

ரங்கூனில் காலையிலிருந்து மழை. ஆங் சான் கால்பந்து மைதானப் பக்கம் போனதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, நனைந்த பொட்டலத்திலிருந்து வேர்க்கடலையை ஒவ்வொன்றாக என் கையில் வைப்பார். கண் மட்டும் பந்தை விட்டு அகலாது.

1966-லும் 1970-லும் ஆசிய விளையாட்டுக் கால்பந்துத் தங்கம் நம் பர்மாவுடையது. இரண்டாவதைத் தென்கொரியாவோடு பகிர்ந்துகொண்டோம், சரி. ஆனால் எனக்குப் பெரிது 1972 மியூனிக் ஒலிம்பிக்தான். சூடானை 2-0 என்று ஜெயித்தோம். சோவியத்திடமும் மெக்சிகோவிடமும் ஒரே ஒரு கோலில்தான் தோற்றோம்!

இப்போது டீக்கடையில் பையன்கள் ராத்திரி முழுக்க இங்கிலீஷ் லீக் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். உள்ளூர் ஆட்டத்துக்கும் வந்து உட்காருங்கள் தம்பிகளா. சேற்றில் வழுக்கி விழுந்தும் பந்தை விடாதவனைப் பக்கத்தில் பார்க்கவேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு நான் போகிறேன், யார் வருகிறீர்கள்?