கத்தி வைக்காத வைத்தியம்

"இப்போதைக்கு அறுவை சிகிச்சை இல்லை" என்று மதுரையில் மருத்துவர் சொன்னது, நாங்கள் செட்டிநாட்டில் உள்ள எங்கள் ஊரான கண்டனூர் வந்து சேர்வதற்குள் "டாக்டர் கைவிரித்துவிட்டாராம்" என்று உருமாறி, முகப்பில் காத்திருந்த உறவினர்களை எங்களுக்கு முன்பே எட்டியிருந்தது. அப்பச்சியின் (அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் அழைப்பது எங்கள் வழக்கம்) பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை முந்தைய ஆண்டுதான் அறுத்து எடுத்திருந்தார்கள். இப்போது அது கல்லீரலின் இரு பக்கங்களிலும் ஐந்து இடங்களில் பரவியிருந்தது. கத்தி வைத்தால் வைத்தியம், வைக்காவிட்டால் நாள் எண்ணுவது என்றுதான் நான் உட்பட எல்லோரும் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பது எனக்குப் புரியப் பல மாதங்கள் ஆயின.

குடலில் தோன்றியது ஏன் கல்லீரலுக்குப் போக வேண்டும் என்று ஆத்தா கேட்டபோது, மருத்துவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்: "உங்க ஊர் வீடுகளுக்கு முன் தெருவிலும் பின் தெருவிலும் வாசல் இருக்குமில்லையா, ஆச்சி?" கல்லீரலுக்கும் அப்படி இரண்டு வாசல்கள் இருக்கின்றன. குடலிலிருந்து திரும்பும் இரத்தம் நேரே இதயத்துக்குச் செல்லாமல், போர்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரல் பெறும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த வழியில் வருவதுதான். மீதிக் கால் பங்கு கல்லீரல் தமனி வழியாக வருகிறது. புற்றணுக்கள் முதல் வாசல் வழியே வந்து தங்குகின்றன. ஆனால் கட்டியாக வளர்ந்தபின் பெரும்பாலும் இரண்டாம் வாசலின் இரத்தத்தை உண்டே வாழ்கின்றன. கத்தியில்லாத சிகிச்சைகளில் சில இந்த வேறுபாட்டை நம்பித்தான் நடக்கின்றன என்பதால், இதை முதலில் விளங்கிக்கொண்டது பின்னர் பெரிதும் உதவியது.

சிகிச்சை கீமோவில் தொடங்கியது. ஆக்சாலிபிளாட்டின், லியூகோவோரின், 5-ஃப்ளூரோயுரேசில் ஆகிய மூன்றும் சேர்ந்த ஃபோல்ஃபாக்ஸ் என்னும் முறை அது. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. முதல் நாள் மருத்துவமனையில் ஏற்றுவது போக, மூன்றாவது மருந்து நெஞ்சில் தோலுக்கடியில் பதித்த போர்ட் என்னும் சிறு மருந்து வாயில் வழியாக 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். அதற்கான சிறு பம்பை அப்பச்சி ஒரு மஞ்சப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, முற்றத்தைச் சுற்றிய வளவில் நடமாடிக்கொண்டிருப்பார். ஆக்சாலிபிளாட்டினுக்கும் குளிருக்கும் ஆகாது என்று எச்சரித்திருந்தார்கள். குளிர்ந்த நீரும் ஃபிரிட்ஜின் கைப்பிடியும் நினைவில் இருந்தன. ஆனால் மார்கழி விடியலில் ஆத்தங்குடித் தரை எப்படிச் சில்லிட்டிருக்கும் என்பதை யாரும் நினைக்கவில்லை. வெறுங்காலுடன் இறங்கியவர், ஊசிமேல் நிற்பது போலத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வீட்டுக்குள் செருப்பா என்று ஆத்தா முகம் சுளித்தாலும், அன்று முதல் ரப்பர் செருப்பு வளவுக்குள் வந்தது. கீமோ முடிந்து மாதங்களான பின்பும் பாதத்தில் மரப்பு தீராததால் அது இன்னும் வெளியே போகவில்லை.

இதற்கிடையில், அறுத்தெடுத்த கட்டியின் பிளாக்கை, அதாவது மெழுகில் பதித்துக் காத்துவைத்த திசுவை, மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் ராஸ் என்னும் மரபணுவில் பிறழ்வு இருந்ததால், செடுக்ஸிமாப் என்ற மருந்து பயன்படாது என்று ஒதுக்கிவிட்டு, கட்டிக்குப் புது இரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்பதைச் சேர்த்தார்கள். சென்னையில் ஒருவர் உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றின் மீது ஏவும் இம்யூனோதெரபியிலேயே குணமாகிவிட்டார், நமக்கு ஏன் கொடுக்கவில்லை என்று அயித்தான் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அது பெரும்பாலும், மரபணுப் பிழைகளைத் திருத்தும் திறன் கட்டியில் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் எம்எஸ்ஐ என்னும் சோதனையில் உயர்நிலை காட்டும் கட்டிகளுக்கே நன்கு வேலை செய்யும். பரவிய பெருங்குடல் புற்றுநோயில் அத்தகையோர் நூற்றில் ஐந்து பேர் அளவுதான். அப்பச்சி அந்த ஐவரில் இல்லை. ஒருவருக்குப் பலித்த மருந்து இன்னொருவருக்கு வெறும் செலவாகவும் உபத்திரவமாகவும் முடியலாம் என்பதை உறவினர்களுக்கு விளக்குவதுதான், கீமோவைவிடக் கடினமாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பச்சி வாழ்நாளெல்லாம் கணக்கெழுதியவர் ஆதலால், புற்றுக்கட்டி இரத்தத்தில் விடும் ஒரு புரதத்தை அளக்கும் சிஇஏ என்னும் சோதனையின் எண்களைப் பேரேட்டில் தேதியிட்டு எழுதிவந்தார். இரண்டாம் சுற்றுக்குப் பின் எண் ஏறியபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆக்சாலிபிளாட்டின் தொடங்கிய முதல் சில வாரங்களில், கட்டி சுருங்கும்போதே கூட இந்த எண் ஏறி இறங்குவதுண்டு என்று மருத்துவர் சொன்னார். "இது அன்றாடப் பற்று வரவு; ஸ்கேன்தான் ஐந்தொகை" என்று அப்பச்சியே பின்னர் தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆறு சுற்றுகள் முடிந்து எடுத்த ஸ்கேனில் மூன்று இடங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்கேனில் மறைந்ததெல்லாம் வேரோடு போனதாகாது என்று எச்சரித்துவிட்டு, எஞ்சிய இரண்டைச் சுட்டுவிடலாம் என்றார்கள். அவை இரண்டு சென்டிமீட்டருக்கும் சிறியவை. கல்லீரலின் இரு பக்கங்களிலும் ஆழத்தில் இருந்தன. இதயமும் பலவீனம் என்பதால் அறுவையை விட இதுவே ஏற்றது. மயக்கம் கொடுத்து, சிடி ஸ்கேனின் வழிகாட்டலில் ஒரு நீண்ட ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, மைக்ரோவேவ் வெப்பத்தால் சில நிமிடங்களில் பொசுக்கிவிடுகிறார்கள். ரேடியோ அலையாலும் இதையே செய்யலாம். ஆனால் பெரிய இரத்தக்குழாய் அருகில் இருந்தால் ஓடும் இரத்தம் வெப்பத்தை அள்ளிச் சென்று, ஓரத்து அணுக்களைப் பிழைக்க விட்டுவிடும் என்பதால் அங்கே மைக்ரோவேவுக்கே மதிப்பு அதிகம். அறுவைக்கு இயலாதவர்களுக்கான இரண்டாந்தர மாற்று என்றே இதை நெடுங்காலம் கருதினார்கள். 2024இல் வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வோ, மூன்று சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிகளில் சுடுவது அறுப்பதற்குச் சளைத்ததல்ல என்றும், சிக்கல்கள் குறைவு என்றும் காட்டியது. அப்பச்சி மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த தேவகோட்டைக்காரருக்கு எண்ண முடியாத அளவு கட்டிகள் இருந்ததால், ஊசி வழி அடைபட்டிருந்தது. அவருக்குக் கல்லீரலின் இரண்டாம் வாசலான தமனி வழியாக, யிட்ரியம்-90 என்னும் கதிரியக்கப் பொருள் ஏற்றிய நுண்மணிகளைச் செலுத்தினார்கள். கதிரின் பாதி வீரியம் 64 மணி நேரத்தில் அடங்கும். திசுவுக்குள் அது சில மில்லிமீட்டரே பாய்வதால், நல்ல ஈரல் பெரும்பாலும் தப்பும். செலவு பல லட்சம். முதல் கீமோவுடனேயே சேர்த்துக் கொடுப்பதால் ஆயுள் நீளவில்லை என்று 2017இல் தெளிவானதால், கீமோ பலன் தராமல் போனபின்பே பெரும்பாலும் இதை நாடுகிறார்கள். கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் கொண்டுவந்து வைத்தவர்களிடம், மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் உள்ளே கொடுப்பதில்லை என்று ஆத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சென்ற மாத ஸ்கேனில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்திருக்கிறது. அது பித்தநாளங்கள் கூடும் இடத்துக்கு மிக அருகில் இருப்பதால், அங்கே வெப்ப ஊசி செலுத்தினால் நாளம் பழுதாகும். ஆகவே வெளியிலிருந்து மிகத் துல்லியமாகச் செலுத்தும் கதிர்வீச்சை, ஒரு சில தவணைகளில் கொடுத்து முடிக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். மூச்சு விடும்போதெல்லாம் கல்லீரல் மேலும் கீழும் நகர்வதால், மூச்சை அடக்கிப் பழகிக்கொண்டு வரச் சொன்னார்கள். காலையில் முற்றத்துத் தூணில் சாய்ந்து அப்பச்சி மூச்சைப் பிடிக்க, ஆத்தா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறார். நேற்று 22 வினாடி வந்தது. அதையும் அப்பச்சி பேரேட்டில் எழுதியிருக்கிறார்.